ஆற்றங்கரையில் ஒரு ஓட்டம்

"மஹிமா, கொஞ்சம் ஜல்தியா நட!"

காலையிலிருந்து பத்தாவது முறையாக விரட்டினான் ஹேமநாத். கமண்டல நாகநதிக் கரையோரமாக நாள் முழுக்க அவனோடு பேசிக்கொண்டே நடக்கலாம் என்று ஆசையாக வந்தவளுக்குக் கால்வலிதான் மிச்சம்.

"ஓடிகினே இருக்கியே, யாராவது துரத்துறாங்களா? ரெண்டு வருஷமா கேக்கறேன், நம்ம விஷயத்தை உங்கம்மாகிட்ட எப்பதான் சொல்லுவே?"

"முதல்ல ஆரணி பாலம் வரட்டும்."

இவன் சொல்லப்போவதில்லை, இன்றோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மஹிமா தீர்மானித்தபோது பாலம் வந்துவிட்டது. அங்கே தூக்குச்சட்டியோடு ஹேமநாத்தின் அம்மா நின்றிருந்தாள்.

"ஏன்டா, இவ்ளோ லேட்டாவா கூட்டிகினு வருவே? ஜெயின் வூட்டுப் பொண்ணு, பொழுது சாஞ்சா சாப்பிடாதுன்னு நீதானே சொன்னே? உக்காரும்மா, இருட்டறதுக்குள்ள சாப்பிடு. வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கல. வெறும் உருளைக்கிழங்கு வறுவலும் தயிர்சோறும்தான்!"

மண்ணுக்கடியில் விளையும் கிழங்கையும் மஹிமா தொடமாட்டாள் என்று சொல்ல ஹேமநாத் வாயெடுத்தான். அவள் நறுக்கென்று அவன் காலை மிதித்தாள்.

"வறுவலை உங்க புள்ளைக்கு வைங்க. எனக்குத் தயிர்சோறு போதும், அத்தே!"