பெருநாள் சட்டை

சோமாலியாக்காரர் ஃபாராவின் ஊரான லாஸ் அனோடைப் பக்கத்துச் சோமாலிலாந்துப் படை பிடித்துவிட்டது என்று பெருநாளின் மூன்றாம் நாள் சேதி வந்தது. ஷார்ஜா ரோலாவில் அந்தச் சின்ன கார்கோ ஆபீசில் ரெனீஷுக்கு வேலையே ஓடவில்லை. பத்து வருஷமாக அவனோடு பெட்டி கட்டி, தமிழும் பழகிவிட்ட ஃபாரா, காலையிலிருந்து வீட்டுக்கு போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்.

மதியம் ஒருவழியாக யாரோ எடுத்தார்கள். ஃபாரா சோமாலியில் நாலு வார்த்தை பேசினார். நெடுநேரம் கேட்டார். வைத்துவிட்டார்.

"எடுத்தது யாரு பாய், மூத்த மவனா?"

"இல்ல. ஊரைப் பிடிச்ச பட்டாளத்துக்காரன். என் வீட்டுல உக்காந்திருக்கான்."

"மாதாவே! என்ன சொன்னான்?"

"பெருநாளுக்கு நான் அனுப்பின சட்டை அவனுக்கு அளவா இருக்காம்."

ரெனீஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்ததே அவன்தான். ஒரே துணியில் இரண்டு. ஊர்க்காவல் படையில் இருக்கும் மூத்த மகனுக்குப் பெரியது. வெளியூரில் படிக்கும் இளையவனுக்குச் சின்னது.

"களவாணிப் பய! பிள்ளையளுக்கு எடுத்த உடுப்பைப் போட்டுக்கிட்டு, அதை உங்ககிட்டயே சொல்லுகானா?"

"களவு இல்ல ரெனீஷ். சின்னச் சட்டை அவனுக்கு அனுப்பினதுதான். படிக்கப் போறேன்னு சொல்லிட்டு அந்தப் பட்டாளத்துல சேந்திருக்கான்."



"அப்போ... மூத்தவன்?"

"கேட்டேன்" என்றார் ஃபாரா. "அடுத்த பெருநாளுக்கு ஒரு சட்டை போதும்ப்பான்னான்."