பட்டப்பெயர்

"டீசி குடுத்துருங்க மிஸ். வடமதுரையில அவ மாமி வீட்டுல இருந்து படிச்சுக்கட்டும்."

அஜீஸுன்னிசா நாற்காலியில் உட்காரவே இல்லை. பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் ஃபர்ஹீன் தலை நிமிராமல் நின்றாள்.

கம்ப்யூட்டர் டீச்சர் ரோஸ்மேரிக்கு மனசு ஆறவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளை. ஒரு வீடியோவும் 'தவளை' என்ற பட்டப்பெயரும் சேர்ந்து இரண்டே மாதத்தில் ஆளைப் பாதியாக்கிவிட்டன. தவளை ஸ்டிக்கர், தவளைப் பாட்டு, இவள் முகத்தை ஒட்டிய தவளைப் படம். ட்யூஷன் போகிற தெரு வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

"செத்த நேரம் உக்காருங்கக்கா. எவனோ ஒரு தறுதலைக்குப் பயந்து பிள்ளைய ஊரு மாத்துவீங்களா?"

"ஸ்கூல் பேரச் சொன்னாலே அவளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது மிஸ்."

ரோஸ்மேரி மேஜையிலிருந்த தடித்த ஃபைலை எடுத்துக் காட்டினாள். அடுத்த வருடத்துக்கான பள்ளியின் தொழில்நுட்பத் திட்டம். நிர்வாகத்துக்கு ஸ்மார்ட் போர்டு போதும், போட்டோவில் பளிச்சென்று விழும். அவர்களிடம் கரடியாய்க் கத்தி, இணையப் பாதுகாப்புக்கென்று தனி அத்தியாயம் சேர்த்திருந்தாள். ஃபர்ஹீனுக்காகத்தான்.

"இனி ஒரு பிள்ளையக் கேலி பண்ணிப் படம் போட்டா, அன்னைக்கே சஸ்பெண்டு. நாளைக்கு மீட்டிங்குல பாஸாயிரும். ஆனா முதல்ல ஆரம்பிச்சது யாருன்னு தெரியணும்ல? விளையாட்டு விழா அன்னைக்கு ஆளாளுக்குப் போனும் கையுமாத் திரிஞ்சோம். இம்புட்டுப் பேர விசாரிச்சும் ஒருத்தனும் வாயத் தொறக்கல."

ஃபர்ஹீன் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லுடி. வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஃபர்ஹீன் நிமிர்ந்து ரோஸ்மேரியை ஒருமுறை பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

"வீட்டுலயும் இப்படித்தான். கேட்டா அழுகுறா. எனக்கும் அந்தப் படத்தப் பாக்க மனசு வரல," என்றாள் அஜீஸுன்னிசா.

பாவம், எவனுக்கு இவ்வளவு பயப்படுகிறது இந்தப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் ரோஸ்மேரி.

"அந்தக் கண்றாவியப் பாக்கவே கூடாதுன்னுதான் நானும் இருந்தேன். அதுல யாரோ பேசுறதாச் சொல்றாங்க. வெட்டி ஒட்டுனது வேணாம், முதல்ல வந்தத எடு. பதினாலு வருசமா நான் கேக்காத குரலா? குரல வச்சே ஆளப் பிடிச்சிருவேன். டீசி அந்த ஆளுக்குத்தான்க்கா, இவளுக்கு இல்ல."

ஃபர்ஹீன் தயங்கினாள். அம்மா அதட்டவும், அம்மாவின் போனையே வாங்கித் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சாக்கு ஓட்டம். சாக்குக்குள் காலை விட்டுத் தாவித் தாவி வருகிற ஃபர்ஹீன் சேற்றில் குப்புற விழுகிறாள். எழ முடியாமல் அழுகிறாள். படம் பிடிக்கிறவர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பிறகு பேச்சு.

"ஐயோ, நம்ம தவளையப் பாருங்கடி! இத கிளாஸ் குரூப்புல போட்டே ஆகணும்!"

குரலை அடையாளம் காண ரோஸ்மேரிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அது அவளுடைய சொந்தக் குரல்.