வேற கடை

"எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையைத்தான் போடுவீங்களா?"

மலைக்கோட்டை அருகே வண்ண மீன் கடை வைத்திருக்கும் தனபாலிடம் லிசி கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"இல்லம்மா, தொட்டிக்கு ஒரு வலை வச்சிருக்கேன்."

"புதுசா வர்ற மீனை என்ன பண்ணுவீங்க?"

"உள்ளே தனியா வச்சுப் பார்த்துட்டுத்தான் விப்பேன்."

லிசி நம்பவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டே திரும்பினாள்.

"ரொம்ப அடிபட்டிருப்பீங்க போலிருக்கே?" என்றார் தனபால்.

"ஆமாங்க. ஒரு கடையிலேர்ந்து வந்த மீனால வீட்டுத் தொட்டி முழுக்க வெள்ளைப் புள்ளி நோய். ஒண்ணுகூட மிஞ்சலை. எம் பொண்ணு அழுத அழுகையைப் பார்க்க முடியலை. தொட்டியைக் கழுவிக் காயப்போட்டு, இப்பத்தான் மறுபடியும் மீன் விடப் போறேன்."

"அந்தக் கடைக்காரரைக் கேக்கலையா?"

"கேட்டேன். 'மீனுன்னா சாகத்தான் செய்யும், வேற தர்றேன்'னு சிரிக்கிறார். கடையைச் சுத்தமா வைக்கிற வரைக்கும் உங்க மீனே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

தனபால் நல்ல மோலி மீன்களாகப் பார்த்துப் பிடித்தார்.

"உங்க கடைப் பேர் போட்ட பையில குடுங்க. பேர் பளிச்சுன்னு தெரியணும்."

"எதுக்கும்மா?"

"அந்தக் கடைக்காரர் பார்க்கணும். அப்பவாவது ரோஷம் வரட்டும்."

"அவர் எப்படிம்மா பார்ப்பார்?"

"கடையைப் பூட்டிட்டு சாப்பிட வீட்டுக்குத்தானே வரணும்?" என்றாள் லிசி. "அவர் என் வீட்டுக்காரர்தாங்க."