கூட ஒரு கப்

கலந்தாகிவிட்டது. இனி எடுக்க முடியாது.

அப்பா இதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாக வேண்டும். கலந்தது யார் என்று மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது. பதினைந்து வயது மகள் அவசரமாகத் தூக்கிய வேகத்தில், கப்பும் சாஸரும் கடகடவென்று காட்டிக்கொடுக்கப் பார்த்தன.

படுக்கையறையில் அம்மா சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி பஸ்ஸில் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். “எப்பம்மா திரும்பி வருவீங்க?” என்று மகள் கேட்டதற்கு, “பாக்கலாம்” என்று பதில் வந்திருந்தது. அந்த ஒற்றை வார்த்தைதான் அவளைச் சமையலறைக்கு விரட்டியது.

சண்டை என்னவோ சின்னதுதான். மோட்டாரை அணைக்க மறந்து மாடித் தொட்டி வழிந்தது யாரால் என்று ஆரம்பித்து, “இனிமே அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாத்துக்கலாம்” என்று முடிந்தது. அன்றிலிருந்து ஒரு வாரமாக வீட்டில் ஒரு “ஏங்க” இல்லை, ஒரு “இங்க பாரு” இல்லை. “உங்கம்மாவ டிவி சத்தத்தக் குறைக்கச் சொல்லு” என்பார் அப்பா. அம்மா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

டீ விஷயத்தில் இந்த வீடு எப்போதுமே இரண்டு கட்சி. அம்மாவுக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டு, பாலோடு பொங்கப் பொங்கக் காய்ச்சியது. அப்பாவுக்குப் பால் வாடையே ஆகாது. கொதி அடங்கிய தண்ணீரில் இலையைப் போட்டு, மூடி வைத்து, வடிகட்டிய பிறகுதான் எலுமிச்சை.

அம்மாவின் கப்பைப் பார்த்து “கஷாயம்” என்பார் அப்பா. அப்பாவின் கப்பைப் பார்த்து “பாத்திரம் கழுவின தண்ணி” என்பாள் அம்மா. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வரும்போது இரண்டு கப்பும் மேஜைமேல் ஆவி பறக்க இருக்கும். கிண்டலும் பாதி ஓடியிருக்கும்.

இந்த வாரம் அந்த டீக்கும் கேடுகாலம். அம்மா இஞ்சியை முழுத் துண்டாகவே போட்டாள், தினமும் பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாசமாக்கினாள். அப்பா கொதிக்கிற தண்ணீரிலேயே எலுமிச்சையைப் பிழிந்து, கசந்ததை வீம்புக்கு விழுங்கினார். கோபம் வந்தால் கைப்பக்குவம்கூடப் போய்விடும் போலிருக்கிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள்.

யோசனை அப்போதுதான் வந்தது. அம்மா டீ ஒரு கப் அப்பாவுக்கு, அப்பா டீ ஒரு கப் அம்மாவுக்கு. தனக்குப் போடும்போது கூட ஒரு கப் போட்டு அனுப்பியதுபோல. அப்பாவின் டீயை அம்மாவே போட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? பாத்திரம் கழுவின தண்ணியைப் போய் அம்மா காய்ச்சுவாளா என்ன!

இரண்டு பேரும் தத்தம் டீயைப் பற்றி அடிக்கும் பெருமையிலேயே செய்முறை மனப்பாடம் ஆகியிருந்தது. இஞ்சி தட்டும் குட்டிக் கல்லைத்தான் காணோம். சமையலறையையே புரட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு, டம்ளரின் அடியால் நசுக்கினாள்.

முதல் கப் படுக்கையறைக்குப் போயிற்று.

“அப்பா போட்டாரும்மா. உங்களுக்கும் கூட ஒரு கப்.”

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “உங்கப்பாவா?”

“ஆமாம்மா.”

கப்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி கப்பைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இப்போது இரண்டாவது கப். முன்னறையில் அப்பா யாருடைய தையல் மிஷினையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அப்பா... டீ.”

“இந்தக் கஷாயத்த நான் என்னிக்குக் குடிச்சேன்?”

“அம்மா போட்டாங்கப்பா. உங்களுக்கும் சேத்து.”

ஸ்க்ரூடிரைவர் பாதிச் சுற்றில் நின்றது. “யாரு?”

“அம்மா.”

அப்பா ஒரு வாய் குடித்து, நாக்கில் சுழற்றி, மிஷின் ஆயிலைச் சோதிப்பவர் மாதிரி யோசித்தார். “இஞ்சி நல்லாத்தான் எறங்கியிருக்கு. எதால தட்டினா?”

“அதான்ப்பா... அந்தக் குட்டிக் கல்லால. எப்பவும் போல.”

“ஓஹோ. எப்பவும் போல.”

“ஆமாப்பா. அம்மா கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?”

அப்பாவின் மீசைக்கு அடியில் ஏதோ துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பேனர்களுக்கு அடியில் கையை விட்டு, இஞ்சி வாசம் போகாத குட்டிக் கல்லை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“கோவத்துல நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

“ஏன்ப்பா இப்படி? பாவம்ப்பா அம்மா.”

“என் கல்லு, நான் ஒளிப்பேன். கும்பகர்ணி, நீ எழுந்திரிக்கறதுக்குள்ள தெனமும் உங்கம்மாவுக்கு இஞ்சி தட்டி டீ போட்டு வைக்கறது யாருன்னு நெனச்சே?”

அவள் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அம்மா டீயைப் போடுவது அப்பா. அப்படியென்றால் அப்பா டீயை... ஐயோ, படுக்கையறைக்குப் போன கப்!

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. ஒரு வாரமாக அந்த வீடு கேட்காத சொல், கூடத்தைத் தாண்டி முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

“ஏங்க! உங்களுக்கு லெமன் டீ போடத் தெரியும்னு இவகிட்ட யாருங்க சொன்னது?”