பெட்டிக்கு முன்னால்

அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் மைக் ஊளையிட்டது.

மேடையில் பேசிய ஏழு பேரிடமும் அது சாதுவாகத்தான் இருந்தது. கைமாறிக் கீழே அவளிடம் வந்ததும் இந்தக் கூத்து.

தள்ளிப் பிடித்தாள். ஊளை.

அதன் தலையைக் கையால் பொத்தினாள். இன்னும் பெரிய ஊளை.

"அக்காவக் கண்டா மைக்குக்கே பயம்டா!"

பின்வரிசையில் யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

புதுச் சட்டத்துக்கு நன்றி சொல்லத்தான் அவளிடம் மைக்கைக் கொடுத்திருந்தார்கள். அவள் சொல்ல நினைத்தது வேறு. வெட்டுப்பட்டவனைத் தூக்கப் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்தார் என் வீட்டுக்காரர். ஆம்புலன்ஸ் டிரைவர். அவரையும் சட்டத்தில் சேருங்கள்.

காலையில்தான் சட்ட வரைவு வந்திருந்தது. பணியில் இருக்கும் போலீஸ்காரரையோ தீயணைப்பு வீரரையோ கொன்றால் சாகும்வரை சிறை. ஆம்புலன்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை.

இந்தச் சட்டம் வேண்டும் என்று இரண்டு வருடம் பஸ் ஸ்டாண்டில் நின்று கையெழுத்து வாங்கியவள் அவள். "ஒரு உசுரு இன்னொரு உசுர விட ஒசத்தியா தாயி?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டாள். அடுத்தவரைக் காப்பாற்றப் போன உயிர் அம்மா என்று பொறுமையாக விளக்கி, அவளிடமும் வாங்கினாள்.

இன்று அந்தக் கேள்வி இவளிடம் இருந்தது.

பணியில் கொல்லப்பட்டவர்களின் குடும்பச் சங்கத் தலைவர் அழகுமலை மேடையிலிருந்து குனிந்தார். போலீஸ்கார மகனைப் பறிகொடுத்தவர். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"ஒன் வீட்டுக்காரரு காண்ட்ராக்ட் ஆளுதானம்மா. இப்பப் போயி கேட்டா வந்ததும் கெட்டுப்போகும். அடுத்த தடவ பாப்போம். மைக்கக் குடு."

போன கூட்டம் வரை அவள் நாற்காலி அவருக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று கீழே, ஓரமாக, ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால்.

பெட்டிக்கு முன்னால்.

பெட்டியைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள்.

பெட்டியின் சத்தம் மைக்குக்குள் போகிறது. மைக் அதைப் பெட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. பெட்டி அதை இன்னும் பெரிதாக்கி மைக்குக்குத் தருகிறது. சுற்றிச் சுற்றி அதுவே ஊளையாகிறது. மேடையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அவள் மைக்கைக் கொடுக்கவில்லை. ஒயரை இழுத்துக்கொண்டு படியேறினாள். அழகுமலைக்குப் பக்கத்தில், போன கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றாள்.

"சேவுகப்பெருமாள்" என்று கணவன் பெயரைச் சொன்னாள். கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

பெட்டிக்குப் பின்னால் நின்று பேசினால் மைக் ஊளையிடாது.