உப்பு சப்பில்லாத குழம்பு

“சீக்கு என் சம்சாரத்துக்குத்தாங்க,” என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னான் சுப்ராயன். மரக்காணம் உப்பளத்தில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, முதல் பஸ் பிடித்து அவளோடு திண்டிவனம் வந்திருந்தான்.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்ட எழுபத்து நாலாம் வருஷக் காலண்டருக்குக் கீழே டாக்டர் தட்சணாமூர்த்தி உட்கார்ந்திருந்தார். “என்னம்மா பண்ணுது?” என்று திரௌபதியைக் கேட்டார்.

“அவரே சொல்லட்டுங்க,” என்றாள் அவள்.

சுப்ராயன் சொன்னான். நாலு மாசமாக அவள் வைக்கிற குழம்பில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வாயில் வைத்தால் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது. ஏன் என்று கேட்டால் முகத்தையே பார்க்கிறாள்.

“தூக்கமும் கெடையாதுங்க. மூணு மணிக்கு நான் முழிக்கறப்பல்லாம் இவளும் முழிச்சிக்கினு குந்தியிருக்கா.”

“நீ தெனமும் மூணு மணிக்கு முழிச்சிக்கிறியா?”

“ஆமாங்க. விடியற வரைக்கும் அப்படியே கெடப்பேன். அது பழகிப்போச்சு. நீங்க இவளப் பாருங்க.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “வேலைக்கு ஒழுங்காப் போறியா?”

போகிறான். ஒரு நாள் விட்டதில்லை. பாத்தியில் உப்பை வாரிக் கரையில் குவிக்கும்போது மட்டும் கைகால் வேறு யாருடையதோ போலக் கனக்கும். பிடரியிலிருந்து முதுகு வரை வலி பிடித்துக்கொள்ளும், நெஞ்சில் மூட்டையை இறக்கினாற்போல மூச்சு முட்டும். மேஸ்திரி கொடுத்த தைலம் கேட்கவில்லை. உப்புத் தண்ணீரில் நிற்கிறவனுக்கு வருகிற வலிதானே என்று விட்டுவிட்டதாகச் சொன்னான்.

“வீட்ல ஏதாச்சும் நடந்துச்சா?”

“மாசியில பெரிய பொண்ணு காய்ச்சல்ல செத்துப்போச்சுங்க. வசந்தான்னு பேரு. பதினோரு வயசு.” பஸ் வருகிற நேரத்தைச் சொல்கிற குரலில்தான் சொன்னான். “இவ அழுது பொரண்டா. ரெண்டு மாசம் சோறு தண்ணி இல்ல. அதுல வந்த சீக்குதான் இதுன்னு நெனைக்கிறேன்.”

“நீ அழுதியா?”

சுப்ராயன் யோசித்துப் பார்த்தான். பெண்ணை அடக்கம் பண்ணிய மறுநாளே உப்பளத்துக்குப் போனது ஞாபகம் இருந்தது. வெயிலில் உப்பு வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது ஞாபகம் இருந்தது. மற்றபடி எதுவும் வரவில்லை.

“இல்லீங்க. எனக்கு ஒண்ணும் தோணல.”

“சட்டையக் கழட்டு.”

அவன் கழற்றினான். டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். பிடரியை அழுத்திப் பார்த்தார்.

“நெஞ்சு நல்லா இருக்குது, எலும்புலயும் கோளாறு இல்ல. ஆனா உன் வலி நெசம்தான்பா. மனசுல அடைஞ்சு கெடக்கற துக்கம் இப்படி உடம்புல எறங்கும். இதுவும் வியாதிதான், மருந்து இருக்குது. வாராவாரம் வந்து எங்கிட்ட பேசணும்.”

சுப்ராயனுக்கு விளங்கவில்லை. பட்டன் போடாமல் நின்றான்.

“என்னைப் பாத்துட்டு சொல்றீங்களே. இவளுக்கு என்னாங்க?”

டாக்டர் திரௌபதியைப் பார்த்தார். அவள் எழுந்து வந்து, அவன் சட்டைப் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

“கொழம்புல உப்பெல்லாம் சரியாத்தாங்க இருக்குது. எனக்கு சீக்குன்னு சொன்னாத்தாங்க இவரு பஸ் ஏறுவாரு.”