கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில்

ஜாஸ்பர் பச்சைத் துணியை விரித்து அதன்மேல் மூன்று துப்பாக்கிகளை வைத்தான்.

"எடுத்துப் பாருங்கம்மா. மூணும் காலிதான்."

உமாதேவி கைப்பையைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

தேனியில் அந்தக் கடை ஜாஸ்பரின் அப்பா ஆரம்பித்தது. மேகமலை ஏலத்தோட்டத்தில் பன்றி விரட்ட உமாதேவியின் கணவர் இங்கேதான் தோட்டா வாங்குவார். அவர் போன பிறகு லைசென்ஸும் ரெட்டைக்குழல் துப்பாக்கியும் அவள் பெயருக்கு வந்தன. இப்போது கைத்துப்பாக்கி வாங்கத் தனியாக அனுமதி வாங்கி வந்திருக்கிறாள்.

"நல்லதுதான். ஏலக்கா விக்கிற விலைக்கு எவன் எப்ப வருவான்னு சொல்ல முடியாது. ஆனா அய்யாவோட ரெட்டைக்குழல் இருக்கே?"

"அது நீளம் தம்பி. வீட்டுக்குள்ள திருப்ப முடியல."

அவள் திருப்பிப் பார்த்திருந்தாள். படுக்கையறையில் நின்று கதவைப் பார்த்துக் குறிவைத்தபோது குழல் தொட்டில் கம்பியில் இடித்தது. அதை ஜாஸ்பரிடம் சொல்லவில்லை.

முதலில் இருந்தது பிஸ்டல். அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் தோட்டா ஏறும். உமாதேவி இழுத்தாள். பாதியிலேயே மணிக்கட்டு துவண்டது.

"இது வேணாம். அவசரத்துல சிக்கிச்சுன்னா நீங்க அதோட மல்லுக்கட்டிக்கிட்டு நிப்பீக."

இரண்டாவது, நீளக் குழல் ரிவால்வர். குறி தப்பாது, ஆனால் கைப்பையில் அடங்காது. மூன்றாவது குட்டையானது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி அமுக்கினால் போதும், அடுத்தது வந்து நிற்கும் என்றான். தோட்டத்துக்கும் ஆகும், வீட்டுக்கும் ஆகும், பஸ்ஸில் போனாலும் வெளியே தெரியாது.

"எம்புட்டுத் தூரத்துல தேவைப்படும்?"

"கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல."

ஜாஸ்பர் சிரிக்கப் பார்த்து, பிறகு சிரிக்கவில்லை.

அவளை எழுந்து நிற்கச் சொன்னான். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி, அதை ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றான். உமாதேவி இரண்டு கையாலும் பிடித்தாள். ஆள் இன்னும் உயரம் என்று அவளாகவே குழலைக் காலண்டருக்கு மேலே உயர்த்தினாள். நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னதும் கை தானாக இறங்கித் தொடைக்கு நேராக நின்றது.

"கால்ல சுடுறது சினிமாவுலதாம்மா. பக்கத்துல பாஞ்சு வாரவனைக் கால்ல குறிவைக்க யாராலயும் ஆகாது."

அவள் மறுபடி உயர்த்தினாள். விசை இறுக்கமாக இருந்தது. பல்லைக் கடித்து அமுக்கினாள். காலித் துப்பாக்கி டக்கென்றது.

"அடைச்ச ரூமுக்குள்ள சத்தம் பெருசா இருக்குமா?"

"காது அடைச்சுப்போகும்."

"பச்சப்பிள்ளைக்கு?"

ஜாஸ்பர் அவளைப் பார்த்தான். அவள் சொல்லிக்கொண்டிருப்பது ஏலக்காய்த் திருடனை இல்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. துப்பாக்கியை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கித் துணியில் வைத்தான்.

"படுக்குற ரூம் வரைக்கும் எவன்மா வரப்போறான்? நல்ல பூட்டா மாத்துங்க. கேமரா வைங்க. இது எதுக்கு?"

"எல்லாம் மாத்தியாச்சு. வெளிய நின்னு அம்மான்னு கூப்பிட்டா நான் தொறந்துருவேன் தம்பி."

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ஜாஸ்பர் மூன்றாவதை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான். யாரென்று கேட்கத் தேவையில்லை. தங்கை வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று மாப்பிள்ளை ராஜபாண்டியைப் பட்டப்பகலில் வெட்டிய பாண்டீஸ்வரன் யார் மகன் என்பது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த விஷயம். தெரியாதது, அவன் ஜெயிலில் இருந்து அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியதுதான். தங்கையின் குழந்தையும் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

உமாதேவி குட்டை ரிவால்வரையே எடுத்துக்கொண்டாள்.

காரில் மகள் ஹேமாவதி பின்சீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கொண்டுவந்த பெட்டியைப் பார்த்தாள். நகர்ந்து இடம் விட்டாள். கார் வீரபாண்டி ஊரைத் தாண்டியது.

தங்கள் ஊருக்குள் திரும்பும் இடத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். இளவட்டங்கள் சாலையின் இரண்டு பக்கமும் ஏணி வைத்து ஏறி, குறுக்கே பெரிய பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாமீனில் வரும் சிங்கத்தை வரவேற்கிறோம் என்று எழுதி, நடுவில் பாண்டீஸ்வரன் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவன் காருக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஏலே, அம்மா வந்துருக்காக, வழிய விடுங்கடா" என்று கும்பிட்டான்.

உமாதேவி அண்ணாந்து பார்த்தாள்.

மகனின் தலைக்கு மேலே வட்டத்துக்குள் அவள் படம் இருந்தது. கீழே 'வீரத்தாய்' என்று போட்டிருந்தார்கள். புதுவீடு பால்காய்ச்சியபோது எடுத்தது. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஹேமாவதியின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. நீட்டிய கையும் இருந்தது. கைக்குக் கீழே மகளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள்.